அருகில் இருப்பவரிடம் ஒரு வார்த்தை

கேள்வி: தினமும் குரோம்பேட்டையிலிருந்து சென்னைக் கடற்கரை வரை மின்சார ரயிலில் செல்கிறேன். மகளிர் பெட்டியில் பல முகங்கள் பழகிவிட்டன. ஆனாலும் யாரிடமும் பேசியதில்லை. நானாகப் பேசினால் தொந்தரவாக நினைப்பார்களோ என்று தயங்குகிறேன். எப்படித் தொடங்குவது?
– ஒரு வாசகி, குரோம்பேட்டை

பதில்: தயக்கம் இயல்பானதுதான், ஆனால் எதிரில் இருப்பவர் பேச விரும்பமாட்டார் என்ற உங்கள் ஊகம் பெரும்பாலும் சரியாக இருப்பதில்லை. நிக்கலஸ் எப்லி, ஜூலியானா ஷ்ரோடர் என்ற உளவியலாளர்கள் சிகாகோ புறநகர் ரயில் பயணிகளைக் கொண்டு நடத்தி, 2014-இல் வெளியிட்ட ஆய்வு ஏறக்குறைய உங்கள் நிலையையே எடுத்துக்கொண்டது. பயணிகளில் ஒரு பிரிவினரை அறிமுகமில்லாத ஒருவருடன் பேசச் சொன்னார்கள். இன்னொரு பிரிவினரைத் தனியே இருக்கச் சொன்னார்கள். மூன்றாம் பிரிவினர் வழக்கம்போலப் பயணம் செய்தார்கள். தனிமையே இனிதாக இருக்கும் என்பது பயணிகளின் எதிர்பார்ப்பாக இருந்தபோதிலும், பேசிக்கொண்டு சென்றவர்களே தங்கள் பயணம் அதிக இனிமையாக இருந்ததாகத் தெரிவித்தார்கள். ஒவ்வொருவரும் மற்றவருக்கு விருப்பமில்லை என்று எண்ணியே வாய்மூடி இருந்துவிடுகிறார்கள். பேசி முடித்த பிறகும்கூட, நம்மை எதிராளிக்கு எந்த அளவு பிடித்தது என்பதை நாம் குறைத்தே மதிப்பிடுகிறோம் என்று 2018-இல் வெளியான வேறோர் ஆய்வு காட்டியது.

பேச்சைத் தொடங்க, இருவர் கண்ணுக்கும் தெரிகிற ஏதேனும் ஒன்று போதும். வண்டி தாமதமாவது, நெரிசல், மழை, அவர் தலையில் சூடியிருக்கும் பூ, மடியில் தூங்கும் குழந்தை ஆகிய எதைப் பற்றியும் பேசலாம். "இந்த வண்டி கோட்டையில் நிற்குமா?" என்று கேட்பது எளிது, உதவி கேட்பவரை யாரும் தொந்தரவாக எண்ணுவதில்லை. விடை ஒற்றைச் சொல்லில் வந்து, பார்வை கைப்பேசிக்குத் திரும்பிவிட்டால் அத்துடன் விட்டுவிடுங்கள். அவர் களைத்திருக்கலாம், அது உங்கள்மீது கொண்ட வெறுப்பு ஆகாது. மறுநாள் ஒரு புன்னகையுடன் நிறுத்திக்கொண்டாலும் அந்தப் பழக்கம் வளரவே செய்யும்.

ஒன்றை மட்டும் அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். நம் ஊரில் பேச்சு மிக விரைவாகச் சம்பளம், திருமணம், குழந்தை என்று போய்விடுகிறது. குழந்தைக்காக ஏங்கிக்கொண்டிருக்கும் பெண்ணுக்கு "எத்தனை பிள்ளைகள்?" என்ற கேள்வி எவ்வளவு வலி தரும் என்பதைக் கேட்பவர் அறியமாட்டார். "எந்த ஊர்?" என்பது நல்ல கேள்வியே, ஆனால் அதைத் தொடர்ந்து "ஊரில் எந்தத் தெரு? குலதெய்வம் எது?" என்று துருவுவது பல நேரங்களில் சாதியை அறியும் முயற்சியாகிவிடுகிறது. அந்த எல்லைக்கு ஒருபோதும் செல்லாதீர்கள்.

கேள்வி: பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் என் வீடு, வேலை, வருமானம் பற்றியெல்லாம் கேட்கிறார். மரியாதை குறையாமல் எப்படித் தவிர்ப்பது?
– ஒரு வாசகர், மதுரை

பதில்: கேட்ட எல்லாவற்றுக்கும் விடை சொல்லியாக வேண்டும் என்ற கடமை உங்களுக்கு இல்லை. "மதுரைப் பக்கம்தான், தனியார் வேலைங்க" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, பேச்சை அவர் பயணத்தின்மீது திருப்புங்கள். தன் ஊரையும் திருவிழாவையும் பற்றிப் பேசப் பெரும்பாலானவர்களுக்கு விருப்பம் உண்டு. அப்படியும் விடாவிட்டால், "கொஞ்சம் கண்ணயர்கிறேன் ஐயா" என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொள்வதில் அவமரியாதை ஏதுமில்லை. கைப்பேசி எண்ணையும் வீட்டு முகவரியையும் மட்டும் எவ்வளவு இனிமையாகக் கேட்டாலும் கொடுக்க வேண்டாம்.