பாட்டு வருகிறது, பேச்சு வரவில்லை

அன்புள்ள ஐயா,

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து ஏழு மாதம் ஆகிறது. வலது கை கொஞ்சம் தேறிவிட்டது, பேச்சுதான் வரவில்லை. தண்ணீர் கேட்கக்கூடத் திணறுகிறார். ஆனால் பழைய பாட்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தால் பல்லவியை முழுசாகப் பாடிவிடுகிறார். கோபம் வந்தால் வசவும் தெளிவாக வருகிறது. ‘மனசு வைத்தால் பேசலாம், அடம்பிடிக்கிறார்’ என்கிறார் அண்ணன். அப்படித்தானா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

அடம் இல்லை. அண்ணனிடம் இதை முதலில் சொல்லிவிடுங்கள்.

1861 ஏப்ரலில், பாரிஸ் அருகே பிசேத்ர் மருத்துவமனையில் லெபோர்ன் என்ற நோயாளியை பால் புரோக்கா என்ற மருத்துவர் பார்த்தார். எதைக் கேட்டாலும் ‘டான், டான்’ என்பதுதான் பதில். இங்கே வந்து எத்தனை வருஷம் என்று கேட்டார் புரோக்கா. லெபோர்ன் கையை நான்கு முறை விரித்துக் காட்டி, அப்புறம் ஒரு விரலை நீட்டினார். 21. சரியான கணக்கு! புரோக்கா திரும்பத் திரும்ப அதையே கேட்க, தன்னைச் சோதிக்கிறார்கள் என்று புரிந்ததும் ஒரு வசவு வாயிலிருந்து தெளிவாக வந்து விழுந்தது. சில நாட்களில் லெபோர்ன் இறந்தார். பிரேதப் பரிசோதனையில் பார்த்தால், மூளையின் இடப்பக்க முன்பகுதியில் சேதம் இருந்தது. பேச்சோடு தொடர்புள்ள அந்த இடத்துக்கு ‘புரோக்கா பகுதி’ என்ற பெயர் அப்படி வந்ததுதான். பாடப்புத்தகங்கள் ‘டான்’ஐச் சொல்லும், வசவை விட்டுவிடும். எனக்கு வசவுதான் முக்கியமாகப் படுகிறது.

தண்ணீர் வேண்டும் என்று சொல்ல, மூளை அந்த வாக்கியத்தை அப்போதுதான் கட்ட வேண்டும். பல்லாயிரம் சொற்களில் ஒன்றைப் பிடித்து, வேற்றுமையும் வினைமுடிவும் சேர்த்து, ஒலிகளை வரிசைப்படுத்தி, உதடு, நாக்கு, குரல்வளை, மூச்சு எல்லாவற்றுக்கும் கட்டளை அனுப்ப வேண்டும். ஒரு படத்தைப் பார்த்துப் பெயர் சொல்லத் தொடங்க நமக்கு ஏறக்குறைய 0.6 நொடிதான் ஆகிறது. பெரும்பாலானவர்களுக்கு இந்த வேலை இடது மூளையில் நடக்கிறது.

பாட்டும் வசவும் அப்படிக் கட்டப்படுவதில்லை. பல வருஷம் சொல்லிச் சொல்லி ஒரே கோவையாக உறைந்தவை. இடது மூளை அடிபட்டாலும், வலது மூளையின் துணையோடு அவை பிழைத்துக்கொள்கின்றன என்று கருதப்படுகிறது. அப்பாவை ஒன்றிலிருந்து எண்ணச் சொல்லிப் பாருங்கள், கடகடவென்று பத்து வரை போய்விடலாம். ஆறுக்கு அடுத்து என்ன என்று மட்டும் கேட்டால் தடுமாறலாம்.

பேச முடியாவிட்டால் எழுதிக் காட்டட்டும் என்று பேனாவைக் கொடுப்பார்கள். பெரும்பாலும் எழுத்தும் சேர்ந்தே அடிபட்டிருக்கும், பாவம், அதற்கும் திட்டு வாங்குவார்.

பாடுகிறாரே, அதை வைத்துப் பேச வைக்க முடியாதா? சிறு வாக்கியங்களை ராகமாக இழுத்து, இடது கையால் தட்டிக்கொண்டே சொல்லவைக்கும் பயிற்சி 1970-களிலிருந்தே இருக்கிறது. எல்லோருக்கும் பலிப்பதில்லை. சும்மா பாட்டுப் பாடிக்கொண்டிருந்தாலும் பேச்சு வந்துவிடாது. இவருக்குப் பொருந்துமா என்று ஸ்பீச் தெரபிஸ்டைக் கேளுங்கள். கேட்பது எவ்வளவு புரிகிறது என்பதையும் அவரே சோதிப்பார். ஏழு மாதம் ஆகிவிட்டதே என்று விட்டுவிடாதீர்கள், அதற்குப் பிறகும் தேறுகிறவர்கள் உண்டு. அதுவரை வீட்டில் ‘ஆமாம்’, ‘இல்லை’ என்று தலையசைத்தால் போதும் என்கிற மாதிரி கேளுங்கள், பதிலுக்குக் கொஞ்சம் பொறுத்திருங்கள்.