வாசிகசாலைக் கணினிக்கு எந்தத் தரவுத்தளம்?

கேள்வி: எங்கள் சனசமூக நிலைய வாசிகசாலையில் பழைய பத்திரிகை நறுக்குகளைத் தட்டச்சு செய்து, திறந்த மூலத் தேடல் மென்பொருள் ஒன்றில் ஏற்றத் தொடங்கியிருக்கிறோம். எஸ்கியூலைட், மைஎஸ்கியூஎல், போஸ்ட்கிரெஸ் ஆகியவற்றில் ஒன்றைத் தரவுத்தளமாக, அதாவது தகவல்களைச் சேமித்து வைக்கும் மென்பொருளாக, தெரிவு செய்யச் சொல்கிறது. திருகோணமலை நகரக் கடையொன்று தந்த விலைமனுவில் போஸ்ட்கிரெஸுக்கு 'உரிமக் கட்டணம்' என்று ஒரு தொகை இருக்கிறது. எதைத் தெரிவு செய்வது?
– வாசகர், உப்புவெளி

பதில்: முதலில் அந்தத் தொகையை நீக்கச் சொல்லுங்கள். போஸ்ட்கிரெஸுக்கு உரிமக் கட்டணமே கிடையாது. எஸ்கியூலைட்டும் மைஎஸ்கியூஎல்லின் சமூகப் பதிப்பும் அப்படியே. நிறுவித் தருவதற்குக் கூலி கேட்பது நியாயம். அதைக் கூலி என்றே எழுதட்டும். பற்றுச்சீட்டும் கேட்டு வாங்குங்கள். கேட்டால் தரவேண்டியது வியாபாரியின் சட்டக் கடமை.

வேகத்தை எண்ணிக் குழம்ப வேண்டாம். ஒரு வாசிகசாலையின் நறுக்குகளுக்கு மூன்றுமே தாராளம். தமிழ்ச் சொல்லை எது ஒழுங்காகத் தேடித் தருகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

ஒரே கணினியில் ஒருவர் மட்டும் பதிவேற்றுவதானால் எஸ்கியூலைட் போதும். எல்லாம் ஒரே கோப்பில் இருக்கும். மென்பொருளை மூடிவிட்டு அந்தக் கோப்பைப் பென் டிரைவில் பிரதி எடுத்து வைக்கலாம். ஆனால் எஃப்டிஎஸ்5 என்ற அதன் தேடல் வசதி, மாற்றாமல் விட்டால், தமிழின் புள்ளியையும் கால், கொம்பு முதலிய குறிகளையும் சொல்லின் பகுதியாகக் கொள்வதில்லை. 'மீன்' என்பது 'ம', 'ன' என்று துண்டாகிவிடும். 'மீன்' என்று தேடினால் 'மான்', 'முன்' என்பவையும் சேர்ந்து வரும். மீன்பிடிச் செய்திகள் நிறைந்த நம் ஊர் நறுக்குகளில் இது பெரிய தொல்லை. குறிகளையும் எழுத்தாகக் கொள்ளும்படி அமைப்பை மாற்றித் தேடல் சுட்டியை (எந்தச் சொல் எங்கே இருக்கிறது என்ற பட்டியலை) மீண்டும் உருவாக்கினால் சரியாகிவிடும்.

பலர் வெவ்வேறு கணினிகளிலிருந்து ஒரே நேரத்தில் பதிவேற்றுவதானால் போஸ்ட்கிரெஸையே எடுங்கள். 2019இல் வெளிவந்த 12ஆம் பதிப்பிலிருந்து தமிழ்ச் சொற்களின் விகுதிகளை நீக்கி அடிச்சொல்லைத் தேடும் வசதி அதில் இருக்கிறது. 'துறைமுகம்' என்று தேடுபவருக்குத் 'துறைமுகத்தில்' என்று எழுதிய செய்தியும் கிடைக்க வேண்டுமல்லவா? எல்லாச் சொற்களிலும் அது சரியாகப் பிரிக்காது. ஆனாலும் நல்ல துணை. உங்கள் தேடல் மென்பொருளில் மொழியைத் 'தமிழ்' என்று மாற்ற முடியுமா என்று கையேட்டில் பாருங்கள். ஆங்கிலத்திலேயே நின்றுவிட்டால் இந்தப் பயன் கிடைக்காது.

மைஎஸ்கியூஎல்லில் இத்தகைய தமிழ் வசதி இல்லை. அதில் பழகியவர் உங்களிடம் இருந்தால் மட்டும் யோசிக்கலாம்.

பணம் கொடுக்குமுன் பத்து நறுக்குகளை ஏற்றி, கடைக்காரர் முன்னிலையிலேயே 'மீன்', 'துறைமுகம்' இரண்டையும் தேடிப் பாருங்கள்.