நம்ம ஆட்கள் இருக்கிற ஏரியா

அன்புள்ள அக்கா,

ஜோகன்னஸ்பர்க்கில், சாண்டனில் வேலை பார்க்கிறேன். அடுத்த மாதம் மூன்று நாள் தனியாக டர்பன் வரலாம் என்றிருக்கிறேன். ஆபீசில் ஆளாளுக்குப் பயமுறுத்துகிறார்கள். பெப்பர் ஸ்ப்ரே வாங்கிக்கொள்ளவா? ஆப்பில் கூப்பிடும் கார்களை நம்பலாமா? நம்ம ஆட்கள் இருக்கிற ஏரியாவில் தங்கி, கறுப்பர்கள் அதிகமுள்ள இடங்களைத் தவிர்த்தால் போதும் என்கிறார் உடன் வேலை செய்யும் ஒரு அண்ணன். சாட்ஸ்வொர்த்தில் ரூம் பார்க்கட்டுமா?

எஸ்.

அன்புள்ள எஸ்,

நீ தனியாகக் கிளம்புவதே எனக்குச் சந்தோஷம். பெப்பர் ஸ்ப்ரேயை விடு, கைப்பையில் இருந்தால் விமான நிலையத்திலேயே எடுத்துவிடுவார்கள். ஊபர், போல்ட் இரண்டும் இங்கே உண்டு, நானும் அதில்தான் போய் வருகிறேன். வண்டி வரும்வரை கட்டடத்துக்குள்ளேயே நில். இருட்டிய பிறகு, ரெண்டு தெருதானே என்று நடக்காதே. ஏடிஎம் என்றால் மாலுக்குள் இருப்பது மட்டும். உதவட்டுமா என்று ஒருவர் எவ்வளவு மரியாதையாக வந்தாலும், தமிழிலேயே பேசினாலும், கார்டை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடு. யாராவது கத்தியைக் காட்டினால் மல்லுக்கு நிற்காமல் போனைக் கொடுத்துவிடு.

அந்த அண்ணன் சொன்னதைத்தான் என்னால் அப்படியே விட முடியவில்லை. போன வாரம் கோயிலில், ஊரிலிருந்து புதிதாக வந்த ஒரு குடும்பமும் இதையே கேட்டது. அன்றிலிருந்து மனசில் ஓடிக்கொண்டிருக்கிறது.

நம்ம ஆட்கள் ஏரியா எப்படி வந்தது, தெரியுமா? 1860 முதல் இந்தியாவிலிருந்து கரும்புத் தோட்டங்களுக்குக் கூலிகளாக வந்தவர்களின் பிள்ளைகள், டர்பனின் கேட்டோ மேனர் பகுதியில் காய்கறி போட்டு, கோயில் கட்டி வாழ்ந்தார்கள். ஆப்பிரிக்கர்களும் அங்கே இருந்தார்கள். இன்ன நிறத்தவர் இன்ன இடத்தில்தான் இருக்கலாம் என்று வெள்ளை அரசு 1950இல் சட்டம் போட்டது. 1960களில் நம்மவர்களைப் பெயர்த்துக் கொண்டுபோய் சாட்ஸ்வொர்த்தில் குடியேற்றியது. ஆப்பிரிக்கர்களுக்கு, அதன் பக்கத்திலேயே உம்லாசி என்ற இடம். அந்தச் சட்டத்தை 1991இல் எடுத்தாயிற்று. நேற்று வந்த நாம், அந்த அரசு போட்ட கோட்டை நம் கையால் திரும்பப் போடுவதா? படித்த பெண் நீ, ஒருவர் சொன்னதும் அதை அப்படியே கடிதத்தில் எழுதி அனுப்புகிறாயே.

பாதுகாப்பு என்று பார்த்தாலும் அது தப்புக் கணக்கு. சாட்ஸ்வொர்த்திலும், நம்மவர்கள் அதிகமிருக்கும் இன்னொரு ஏரியாவான ஃபீனிக்ஸிலும் கம்பி போடாத ஜன்னலைத் தேடிக் கண்டுபிடி, பார்ப்போம். இந்தப் பயம் ஆளையே கொல்லும். 1949இல் டர்பனில் ஆப்பிரிக்கர்களுக்கும் நமக்கும் நடந்த கலவரத்தில் நம்மவர்கள் அடிபட்டுச் செத்தார்கள், மறக்கவில்லை. ஆனால் 2021 ஜூலையில், ஊரெங்கும் கடைகளைச் சூறையாடியபோது, ஃபீனிக்ஸ் தெருக்களில் நம்மவர்களில் சிலர் தடுப்புப் போட்டு, அந்த வழியாக வந்த கறுப்பர்களை நிறத்தைப் பார்த்தே சந்தேகப்பட்டு அடித்தார்கள், சுட்டார்கள். 30 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். உன் அண்ணன் சொல்வது அந்தத் தடுப்பில்தான் போய் நிற்கும்.

இங்கே டர்பனின் வார்விக் சந்தையில் ஒரு மழைச் சாயங்காலம், நான் கூப்பிட்டிருந்த கார் வரவேயில்லை. ஒவ்வொரு கடையாகச் சாத்திக்கொண்டிருந்தார்கள். டிரம்மில் சோளக்கதிர் அவித்து விற்கும் ஒரு ஜூலு அம்மா, போனை உள்ளே வை என்று அதட்டி, என்னைக் கையைப் பிடித்து இழுத்து, தனக்குப் பின்னால் கவிழ்த்துப் போட்டிருந்த பிளாஸ்டிக் பெட்டியில் உட்காரவைத்தார். அடுத்த கார் வந்தபோது என்னை எழவே விடவில்லை. என் போனை வாங்கி நம்பர் பிளேட்டோடு ஒத்துப்பார்த்துவிட்டு, டிரைவரிடம், யாரை ஏற்ற வந்தாய், பேர் சொல் என்றார். அவன் சரியாகச் சொன்ன பிறகுதான் என்னை ஏறவிட்டார். ஆவி பறக்கிற ஒரு கதிரையும் கையில் திணித்தார், காசு வாங்கவில்லை. நீயும் அப்படியே கேள்: உன் பேரை நீ சொல்லாதே, அவன் சொல்லட்டும்.

நீ தவிர்க்க வேண்டியவர்களில் அவரும் ஒருவர், உன் அண்ணன் கணக்குப்படி.

தெரியாத ஊரில் இறங்கினால், நாள் முழுக்க ஒரே இடத்தில் இருக்கிறவர்களிடம் முதலில் பேச்சுக் கொடு. கடைக்கார அம்மா, ஹோட்டல் வாசல் செக்யூரிட்டி, இப்படி. எந்தத் தெரு எத்தனை மணிக்கு ஆளில்லாமல் போகும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறவளுக்கு அதை யார் வந்து சொல்வார்கள்? வார்விக்குக்கும் வா, காலை பத்து மணிவாக்கில். மூலிகைச் சந்தையைப் பார், விக்டோரியா தெரு மார்க்கெட்டில் மசாலா வாங்கு.

அப்புறம், ரூம். சாட்ஸ்வொர்த் கடலிலிருந்து தள்ளி இருக்கிறது, மூன்று நாளுக்கு அலைச்சல்தான். உம்லாங்காவில் கடலோரமாகப் பார், விமான நிலையமும் பக்கம். பகலில் வந்து இறங்குகிற மாதிரி டிக்கெட் போடு. போலீசுக்கு 10111, செல்போனிலிருந்து 112, இரண்டையும் இப்போதே பதிந்துகொள். சாட்ஸ்வொர்த்துக்குக் கோயில் பார்க்க வருவதானால் ஞாயிற்றுக்கிழமையாக இருக்கட்டும், நானே கூட்டிப்போகிறேன்.

அன்புடன்,
அக்கா