பின்னட்டையைப் படித்து வாங்குங்கள்: செல்லோ, ஆர்கன், சிம்பொனி

கேள்வி: ஆங்கில இசையமைப்பாளர் எல்கரின் செல்லோ கான்செர்டோவை, செல்லோ கலைஞர் ஜாக்குலின் டு ப்ரே வாசித்ததில்தான் கேட்க வேண்டும் என்றார் நண்பர். இணையத்தில் தேடினால் அதே பெயரில் ஏழெட்டு சிடி அட்டைகள் வருகின்றன. விலையும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லை. எது அசல்?

பதில்: எல்லாமே அசலாக இருக்கலாம், அதுதான் தொல்லை. டு ப்ரே வாசித்த இந்தக் கான்செர்டோ (வயலினைவிடப் பெரிய, தாழ்ந்த ஒலியுள்ள செல்லோ முன்னின்று ஆர்கெஸ்ட்ராவோடு வாசிக்கும் படைப்பு) ஒன்றுக்கு மேற்பட்ட பதிவுகளில் கிடைக்கிறது. உங்கள் நண்பர் சொன்னது அநேகமாக 1965 ஆகஸ்டில் லண்டன் கிங்ஸ்வே ஹாலில் எடுத்தது. லண்டன் சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா, கண்டக்டர், அதாவது ஆர்கெஸ்ட்ராவை நடத்தியவர், ஜான் பார்பிரோலி. அப்போது டு ப்ரேவுக்கு வயது 20. இன்னொன்று, 1970 இல் பிலடெல்ஃபியா ஆர்கெஸ்ட்ராவுடன் மேடையில் வாசித்தது. அதை நடத்தியவர் அவருடைய கணவர் டேனியல் பேரன்பாய்ம். இரண்டும் ஒரே மாதிரி இருக்காது. ஆகவே முன்னட்டைப் படத்தை விட்டுவிட்டுப் பின்னட்டையில் கண்டக்டர், ஆர்கெஸ்ட்ரா, ஆண்டு மூன்றையும் பாருங்கள். பார்பிரோலி, லண்டன், 1965 என்று இருந்தால் மலிவான அட்டையையே வாங்கலாம். உள்ளே இருப்பது அதே வாசிப்புதான்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. இதே 1965 பதிவை நானே இரண்டு முறை காசு கொடுத்து வாங்கியிருக்கிறேன். அட்டைப் படம் வேறு, கூடச் சேர்த்திருந்த இசை வேறு, நிறுவனத்தின் பெயரும் வேறு. இஎம்ஐ என்ற இசை நிறுவனம் வெளியிட்ட பழைய பதிவுகள் 2013 இல் வார்னர் கைக்குப் போய்விட்டதால், அதே பதிவு இரண்டு பெயர்களிலும் சந்தையில் கிடக்கிறது.

இன்னொன்று. கிங்ஸ்வே ஹாலுக்கு அடியில் சுரங்க ரயில் ஓடியது. அங்கே எடுத்த பல பதிவுகளில் அமைதியான இடங்களில் மெல்லிய உறுமல் கேட்கும். சிடி பழுது என்று திருப்பி அனுப்பிவிடாதீர்கள்.

கேள்வி: ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்கின் செல்லோ சூட்கள் முழுவதும் வேண்டும். செல்லோ கலைஞர்களில் கசால்ஸா, யோ-யோ மாவா? ஒரே சிடியில் ‘செல்லோ சூட்கள்’ என்று மலிவாக ஒன்று கிடைக்கிறது, அது போதுமா?

பதில்: போதாது. ஒரு சிடியில் அதிகபட்சம் 80 நிமிடம்தான் அடங்கும். ஆறு சூட்களையும் (தனி செல்லோவுக்கான நடன இசைத் தொகுப்புகள்) வாசிக்க இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். எனவே ஒரே சிடி என்றால் அதில் மூன்று சூட்கள் இருக்கும், அல்லது எல்லாவற்றிலிருந்தும் துண்டு துண்டாக எடுத்திருப்பார்கள். பின்னட்டையில் பாக்கின் படைப்புப் பட்டியல் எண்களான பி.டபிள்யூ.வி. 1007 முதல் 1012 வரை ஆறு எண்களும் இருக்கின்றனவா என்று எண்ணிப் பாருங்கள்.

கசால்ஸ் பதின்மூன்று வயதில் பார்சிலோனாவில் ஒரு பழைய கடையில் இந்தச் சூட்களின் இசைப் பிரதியைக் கண்டெடுத்தார். பதிவு செய்ததோ 1936 முதல் 1939 வரை, அறுபது வயதை ஒட்டி. அந்தப் பதிவுகளுக்கு ஐரோப்பாவில் உரிமைக் காலம் முடிந்துவிட்டது. அதனால் நிமிடத்துக்கு 78 முறை சுற்றும் பழைய இசைத்தட்டுகளிலிருந்து ஆளாளுக்கு எடுத்து விற்கிறார்கள். இங்கேதான் கவனம் வேண்டும். இரைச்சலைச் சுத்தமாக வடிகட்டிவிட்டோம் என்று பெருமைப்படும் சிடிக்களில் வில் நரம்பில் உரசும் ஒலியும் சேர்ந்து போயிருக்கும், செல்லோ போர்வைக்குள்ளிருந்து கேட்கிற மாதிரி ஆகிவிடும். கொஞ்சம் இரைச்சல் இருக்கட்டும். ஒலிப் பொறியாளர் வார்ட் மார்ஸ்டன் படியெடுத்து நாக்ஸோஸ் நிறுவனம் வெளியிட்டது விலையும் குறைவு, வேலையும் நேர்த்தி.

ஆனால் முதல் செட்டாக கசால்ஸை வாங்கச் சொல்ல மாட்டேன். பியர் ஃபூர்னியே 1960-61 இல் பதிந்ததை வாங்குங்கள். அலட்டல் இல்லாத வாசிப்பு, சுத்தமான ஒலி. சற்று இறுக்கமாக, ஒவ்வொரு ஸ்வரமும் செதுக்கியதுபோல் வேண்டும் என்றால் யானோஷ் ஸ்டார்க்கர் 1960-களில் மெர்க்குரி நிறுவனத்துக்குப் பதிந்தது. யோ-யோ மா மூன்று முறை முழுத்தொகுப்பும் பதிந்திருக்கிறார். முதலாவது 1983 இல் வந்தது, மூன்றாவது 2018 இல். அவர் பெயரைச் சொல்லி வாங்கும்போது எந்த முறை என்று பார்க்காவிட்டால், விமர்சனத்தில் படித்தது ஒன்று, கைக்கு வருவது ஒன்று என்றாகிவிடும்.

பாக் வாழ்ந்த பரோக் காலத்துப் பாணியில் வாசிப்பவர்கள் பலர் இன்றைய சுருதியைவிட அரைக் கட்டை இறக்கி வாசிப்பார்கள். பிளேயர் மெதுவாகச் சுற்றுகிறது என்று ரிப்பேர் கடைக்குத் தூக்கிப் போன ஒருவரை எனக்குத் தெரியும்.

கேள்வி: பிரெஞ்சு இசையமைப்பாளர் செயின்-சான்ஸின் ‘ஆர்கன் சிம்பொனி’ வாங்கினேன். பேரன்பாய்ம் நடத்தியது. ஆர்கெஸ்ட்ரா சிகாகோவில், ஆர்கன் பிரான்சில் என்று சின்ன எழுத்தில் போட்டிருக்கிறது. இது ஏமாற்று இல்லையா? அதுவும் என் ப்ளூடூத் ஸ்பீக்கரில் இரண்டாம் பகுதியில் ஆர்கனே கேட்கவில்லை.

பதில்: முதல் புகாரில் பாதி நியாயம் இருக்கிறது. அது 1975 பதிவு. சிகாகோ சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா அந்த ஊரின் மெடினா டெம்பிள் கூடத்தில் வாசித்தது. ஆர்கனை காஸ்டன் லித்தேஸ் பிரான்சின் ஷார்த்ர் பேராலயத்தில் வாசித்தார், பிறகு ஸ்டுடியோவில் இரண்டையும் சேர்த்தார்கள். கண்டக்டர் கராயன் 1981 இல் பெர்லின் ஆர்கெஸ்ட்ராவோடு செய்ததும் அப்படித்தான், ஆர்கன் பாரிஸ் நோத்ர்-தாமில் பியர் கோஷரோ வாசித்தது. குழாய்களில் காற்றை ஊதி ஒலிக்கும் பெரிய பைப் ஆர்கனைப் பெயர்த்து எடுத்துக்கொண்டு வர முடியாது, நல்ல ஆர்கன் இருக்கும் ஆலயத்தில் ஆர்கெஸ்ட்ராவைப் பதிந்தால் எதிரொலியில் எல்லாம் குழம்பிவிடும். அதனால் இந்த வழி. சின்ன எழுத்தில் என்றாலும் சொல்லியிருக்கிறார்கள், ஆகவே ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். சினிமாப் பாட்டில் பாடகரும் வயலின் கோஷ்டியும் ஒரே நாளில் ஸ்டுடியோவுக்கு வருகிறார்களா என்ன?

எனக்குப் பிடித்தது என்னவோ ஒரே கூடத்தில் ஒன்றாக வாசித்ததுதான். 1959 இல் கண்டக்டர் சார்ல்ஸ் மன்ச் பாஸ்டன் சிம்பொனி ஹாலில் பதிந்தது, ஆர்கன் பெர்ஜ் ஸம்கோசியன். கடைசிப் பகுதியின் தொடக்கத்தில் பல ஸ்வரங்கள் ஒன்றாக ஒலிக்கும் அந்த சி மேஜர் கார்டு விழும்போது கூடமே அதிர்வது தெரியும். ஒட்டுப்போட்ட பதிவில் ஆர்கன் பிரம்மாண்டமாக இருக்கும், ஆனால் அது வேறு ஒரு கட்டடத்தில் இருக்கிறது என்று காது கண்டுபிடித்துவிடும்.

இரண்டாவது புகாரில் குற்றவாளி சிடி இல்லை, ஸ்பீக்கர். செல்லோவின் அடி நரம்பு சுமார் 65 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 65 அதிர்வு. உள்ளங்கை அளவு ஸ்பீக்கர் அதையே மூச்சுவாங்கித்தான் தரும். ஆர்கனின் 16 அடிக் குழாய் சுமார் 33 ஹெர்ட்ஸ், 32 அடிக் குழாய் சுமார் 16 ஹெர்ட்ஸ். கடைசியாகச் சொன்னது காதால் கேட்பதைவிட நெஞ்சில் உணர்வது. நீங்கள் சொல்லும் மெதுவான பகுதியில் ஆர்கன் சன்னமாக, காலடிப் பலகையில் கீழ் ஸ்வரங்களைப் பிடித்தபடி நிற்கிறது. அதைச் சிறிய ஸ்பீக்கர் அப்படியே விழுங்கிவிடும். இன்னொரு சிடி வாங்குமுன் அந்தக் காசில் வயர் வைத்த ஒரு நல்ல ஹெட்போன் வாங்கி இதே சிடியைக் கேளுங்கள்.

கேள்வி: ‘24 பிட் ரீமாஸ்டர்’ என்றால் மறுபடி வாங்கலாமா?

பதில்: ரீமாஸ்டர் என்றால் பழைய பதிவின் ஒலியை மறுபடி சீர்செய்தது, பிட் என்பது ஒலியைப் பதியும் நுணுக்கத்தின் அளவு. சாதாரண சிடி எப்போதும் 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ்தான். அட்டையில் 24 என்று போட்டிருந்தால் அது ஸ்டுடியோவில் நடந்த வேலையைக் குறிக்கிறது, உங்கள் கையில் இருக்கும் தட்டை அல்ல. 1980-களில் அவசரமாக வந்த சிடி உங்களிடம் இருந்து, கேட்க வறட்சியாகவும் இருந்தால் புதியதை வாங்கலாம். பாக்கி நேரங்களில் அந்தக் காசுக்கு வேறு ஒரு வாசிப்பு வாங்குவது நல்லது.

கேள்வி: ஆர்கன் சிம்பொனி பழைய எல்பி இசைத்தட்டு ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: வெளிச்சத்தில் சாய்த்துக் கீறலைப் பார்ப்பது எல்லோரும் செய்வது. நீங்கள் இரண்டாம் பக்கத்தின் கடைசி ஐந்து நிமிடத்தைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். தட்டு ஒரே வேகத்தில் சுற்றினாலும் உள்வட்டம் சிறியது, ஊசிக்கு அடியில் நொடிக்கு ஓடும் தடம் வெளிவிளிம்பில் ஓடுவதில் பாதிகூட இருக்காது. அதனால் உள்ளே போகப் போக ஒலி நெரியும். இந்த சிம்பொனியின் ஆகப் பெரிய சத்தம் மிகச் சரியாக அங்கேதான் வந்து உட்கார்ந்திருக்கிறது. முன்பு வைத்திருந்தவர் தேய்ந்த ஊசியால் ஓட்டியிருந்தால் அங்கே கரகரவென்று கிழியும். அது கழுவினாலும் போகாது. சுத்தமாகக் கேட்டால் பேரம் பேசாமல் வாங்கிவிடுங்கள்.

கேள்வி: இணையக் கடையில் புது சிடி என்று வாங்கினேன். தட்டின் அடிப்புறம் நீலப்பச்சையாக இருக்கிறது. போலியா?

பதில்: ஆலையில் அச்சடித்த சிடியின் அடிப்புறம் வெள்ளியாக இருக்கும். நீலப்பச்சை என்றால் அநேகமாக கம்ப்யூட்டரில் எழுதிய தட்டு. அச்சில் இல்லாத பழைய பதிவுகளை ஆர்டர் வந்த பிறகு இப்படி எழுதி, உரிமையாளர் அனுமதியோடு விற்கும் முறையான கடைகள் உண்டு. ஆனால் அதை விற்பனைப் பக்கத்தில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லியிருந்ததா என்று அந்தப் பக்கத்தைப் படம் பிடித்து வையுங்கள், தட்டின் இரண்டு புறத்தையும் படமெடுங்கள்.

சொல்லவில்லை என்றால், விளம்பரத்துக்குப் பொருந்தாத பொருளைத் திரும்ப வாங்க மறுக்கக் கூடாது என்று இந்தியாவில் 2020 இல் வந்த மின்வணிக விதிகள் சொல்கின்றன. தளத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததை ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும். அப்படியும் அசையவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். தட்டை மட்டும் அதுவரை தூக்கிப் போட்டுவிடாதீர்கள், பாட்டு நன்றாக இருந்தாலும் சரி.