காலையில் குளித்தவர் மாலைவரை காத்திருப்பது ஏன்?

கேள்வி: எங்கள் வேதபாட வகுப்பில் லேவியராகமம் 11ஆம் அதிகாரத்தை வாசிக்கிறோம். தீட்டான மிருகத்தின் செத்த உடலைத் தொட்டவன் ‘சாயங்காலமட்டும் தீட்டுப்பட்டிருப்பான்’ என்று அதில் வருகிறது. காலையிலேயே குளித்துவிட்டாலும் மாலைவரை காத்திருக்க வேண்டுமா? அஸ்தமனத்துக்குச் சற்று முன்பு தொட்டவனுக்குச் சில நிமிடம்தான் தீட்டா?

பதில்: இரண்டுக்கும் ‘ஆம்’ என்பதே பதில், இரண்டாவதற்கு மட்டும் ஒரு நிபந்தனை உண்டு. லேவியராகமம் 22:6-7இன்படி, தீட்டுப்பட்ட ஆசாரியன் முதலில் குளிக்க வேண்டும்; அதன் பிறகும் சூரியன் அஸ்தமித்தால்தான் அவன் பரிசுத்தமான உணவை உண்ணலாம். அதாவது நீரும் அஸ்தமனமும் சேர்ந்தே தீட்டைப் போக்குகின்றன. ஓய்வுநாளும் பண்டிகை நாளும் மாலையில் தொடங்கும் அந்த மக்களிடையே, இந்தக் காத்திருப்பு இத்தனை மணி நேரம் என்ற கணக்கில் அமையாமல், நாள் மாறுவதைச் சார்ந்தே அமைந்தது. ஆகவே அஸ்தமனத்துக்கு அரைமணி முன்பு தொட்டு, உடனே குளித்தவன் அன்று மாலையே சுத்தமாவான். குளிக்காமல் பொழுதைச் சாயவிட்டவனோ, ரபீக்கள் எனப்படும் யூதமதச் சட்ட ஆசான்களின் விதிப்படி, குளித்தபின் அடுத்த அஸ்தமனம்வரை பொறுத்திருக்க வேண்டும். இதைத் தண்டனைக் காலமாக எண்ணினால் அநியாயமாகத்தான் தோன்றும். ஆனால் தகப்பனை அடக்கம்செய்து கடமையை நிறைவேற்றிய மகனுக்கும் ஏழு நாள் தீட்டு உண்டு. மூன்றாம் நாளும் ஏழாம் நாளும் சாம்பல் கலந்த தீட்டுக்கழிக்கும் ஜலம் அவன்மேல் தெளிக்கப்பட்டு, ஏழாம் நாள் குளித்து, அன்று மாலையில்தான் அவனும் சுத்தமாவான் (எண்ணாகமம் 19). குற்றம் என்ற பேச்சே அங்கில்லை.

குளியலுக்கும் அஸ்தமனத்துக்கும் இடைப்பட்ட மனிதனின் நிலை என்ன என்பதே இதில் நுட்பமான பகுதி. கி.பி. 200 அளவில் தொகுக்கப்பட்ட யூதச் சட்டநூலான மிஷ்னா, ‘தெவூல் யோம்’ எனப்படும் இந்த நிலைக்கென்று ஒரு தனிப் பகுதியையே ஒதுக்குகிறது. குஷ்டரோகத்திலிருந்து சுத்திகரிக்கப்படுகிறவர் குளித்தவுடன் தசமபாக உணவை உண்ணலாம்; அஸ்தமித்தபின், ஆசாரியராயிருந்தால், ஆசாரியருக்குரிய ‘தெரூமா’ என்னும் பங்கை உண்ணலாம்; மறுநாள் பலியைச் செலுத்திய பிறகே பலியுணவை உண்ணலாம் என்று அது படிப்படியாக வகுக்கிறது. ஆகவே ஒருவர் சுத்தமா என்று கேட்பதைவிட, எதற்குச் சுத்தம் என்று உங்கள் வகுப்பில் கேட்பதே பொருத்தம். மாலை ‘ஷெமா’ ஜெபத்தை எப்போதிலிருந்து சொல்லலாம் என்ற கேள்வியோடுதான் மிஷ்னாவே தொடங்குகிறது. ஆசாரியர் தெரூமாவை உண்ண உள்ளே செல்லும் வேளையிலிருந்து என்பது அதற்கு விடை. தீட்டு நீங்கிய ஆசாரியரின் இராச்சாப்பாடு ஊருக்கே நேரம் காட்டியிருக்கிறது!

இந்த இடைநிலை, எருசலேமில் இரண்டாம் ஆலயம் இருந்த காலத்தில் பெரும் சர்ச்சைக்கும் இடமானது. மேலே சொன்ன ஜலத்துக்கான சாம்பல், சிவப்புக் கிடாரி ஒன்றை எரித்துப் பெறப்பட்டது. அந்தக் கிடாரியைச் சுட்டெரிக்கும் ஆசாரியர் அஸ்தமனத்தையும் கடந்து முழுச் சுத்தம் அடைந்திருக்க வேண்டும் என்றனர் சதுசேயர் என்ற யூதப் பிரிவினர். குளியலே போதும் என்றது ரபீக்களின் மரபு. சதுசேயருக்கு எதிராகத் தம் கருத்தை நிலைநாட்ட, ரபீக்களின் மரபைச் சார்ந்த மூப்பர்கள் அந்த ஆசாரியரை வேண்டுமென்றே தீட்டுப்படுத்தி, குளிக்கவைத்து, அஸ்தமனத்துக்குக் காத்திராமல் அன்றே சடங்கைச் செய்வித்தார்கள் என்று மிஷ்னா கூறுகிறது. கும்ரானின் நான்காம் குகையில் கிடைத்து, 1994இல் முழுமையாகப் பதிப்பிக்கப்பட்ட ஒரு சவக்கடல் சுருள், கிடாரியை அறுப்பவர், எரிப்பவர், சாம்பலை அள்ளுபவர், ஜலத்தைத் தெளிப்பவர் ஆகிய எல்லாருமே சூரியன் அஸ்தமித்த பிறகுதான் சுத்தமாவர் என்று வாதிட்டு, இதில் சதுசேயரின் பக்கம் நிற்கிறது.