அமெரிக்காவின் ஒபாமா கேர் என்ற மருத்துவ இன்சூரன்ஸ் சட்டத்தைக் குடியரசுக் கட்சி எதிர்த்தது கருக்கலைப்புக்காகத்தானா? நம் வரிப்பணம் அதற்குப் போகிறதா?

கருக்கலைப்பு ஒரு காரணம்தான். ஆனால் அதற்காகத்தான் எதிர்த்தார்கள் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஏன் என்று ஓட்டுக் கணக்கோடு கீழே சொல்கிறேன்.

அதற்கு முன் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கமெண்ட்டில் வந்து "இவள் ஜனநாயகக் கட்சிக்காரி, கருக்கலைப்பு ஆதரவாளர்" என்று எழுதுவார்கள். நான் தூத்துக்குடிக்காரி, பிறவிக் கத்தோலிக்கர். கருக்கலைப்பை அன்றும் ஏற்கவில்லை, இன்றும் ஏற்கவில்லை. இந்த விஷயத்தில் என்னோடு உடன்படாத பெண்களை ஒரு வார்த்தை தப்பாகப் பேசவும் மாட்டேன், அவரவர் வலி அவரவருக்குத் தெரியும். இந்தச் சட்டம் வந்தபோது எனக்கு இங்கே ஓட்டும் கிடையாது. கிரீன் கார்டு வந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது.

2009 கோடையில் என் கணவர் வேலை பார்த்த கம்பெனியை இழுத்து மூடிவிட்டார்கள். அப்போது நான் கர்ப்பம். வேலை போனால் பழைய இன்சூரன்ஸையே நம் கைப்பணம் கட்டிக் கொஞ்ச காலம் தொடரலாம், அதற்கு கோப்ரா என்று பெயர். அந்த வருடம் அரசு அதற்கு மானியம்கூடக் கொடுத்தது. ஆனால் கம்பெனியே இல்லாமல் போய், அதன் இன்சூரன்ஸ் திட்டமும் முடிந்துவிட்டால் தொடர்வதற்கு எதுவும் இருக்காது. எங்களுக்கு அதுதான் நடந்தது.

சரி, தனியாக ஒரு பாலிசி வாங்கலாம் என்று விண்ணப்பம் போட்டோம். அந்தப் படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது: நீங்களோ உங்கள் துணைவரோ கர்ப்பமாக இருக்கிறீர்களா, குழந்தையை எதிர்பார்க்கும் தந்தையா? "ஆம்" என்று குறித்தோம். எனக்கும் இல்லை, அவருக்கும் இல்லை என்று கடிதம் வந்தது. கர்ப்பம் "முன்பே இருந்த நோய்நிலை"யாம். நோய் எதுவும் இல்லாத என் கணவருக்கும், அப்பா ஆகப்போகிறார் என்பதால் மறுப்பு. வேறு கம்பெனிகளையும் கேட்டுப் பார்த்தோம். ஒருவர் போனிலேயே, "பிரசவம் முடிந்த பிறகு விண்ணப்பியுங்கள்" என்று சொல்லிவிட்டார்.

அது சட்டப்படி சரியாகவே இருந்தது. வேலை மூலம் வரும் குழு இன்சூரன்ஸில் கர்ப்பத்தைக் காரணம் காட்டி மறுக்கக் கூடாது என்று 1996லேயே சட்டம் வந்துவிட்டது. தனியாக வாங்குபவர்களுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. பாலிசி கிடைத்தாலும் பெரும்பாலானவற்றில் பிரசவச் செலவே சேராது. ஏழைகளுக்கான மெடிக்கெய்டைக் கேட்டோம். கிரீன் கார்டு வாங்கி ஐந்து வருடம் ஆகியிருக்க வேண்டும் என்றார்கள். கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் அந்தக் காத்திருப்பை நீக்கலாம் என்று அந்த வருடம்தான் மாநிலங்களுக்கு அனுமதி கொடுத்திருந்தார்கள். எங்கள் மாநிலம் நீக்கவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் வாஷிங்டனில் அந்தச் சண்டை உச்சத்துக்குப் போனது. அக்டோபர் கடைசியில் கத்தோலிக்க ஆயர் (பிஷப்) பேரவை நாடு முழுக்கப் பங்குக் கோயில்களுக்கு ஒரு தாள் அனுப்பியது. எங்கள் கோயிலிலும் ஞாயிறு பூசைக்குப் போனபோது அறிவிப்பு மடலுக்குள் அதைச் செருகிக் கொடுத்தார்கள். மசோதாவில் கருக்கலைப்புக்குப் பணம் போகாதபடி திருத்தச் சொல்லுங்கள், திருத்தாவிட்டால் எதிர்க்கச் சொல்லுங்கள், உங்கள் பிரதிநிதியைக் கூப்பிடுங்கள் என்று அதில் இருந்தது. நேர்மையாகச் சொல்ல வேண்டும், அதே ஆயர்கள் எல்லோருக்கும் மருத்துவ வசதி வேண்டும் என்று பல வருடங்களாகச் சொல்லி வந்தவர்கள்தான். அந்தத் தாளும் சீர்திருத்தமே வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் பூசை முடிந்து வாசலில் நின்று பேசிய ஓர் அம்மா என் வயிற்றைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "இந்தச் சட்டத்தை நிறுத்தியே ஆக வேண்டும், குழந்தைகளுக்காக" என்றார். எனக்கு இன்சூரன்ஸ் இல்லை என்று சொன்னேன். "அப்படியா, உனக்காக ஜெபிக்கிறேன்" என்றார். உண்மையாகவே ஜெபித்திருப்பார். அன்று வீட்டுக்கு வரும்வரை நான் என் கணவரிடம் ஒன்றும் பேசவில்லை.

இப்போது கேள்விக்கு வருகிறேன். நம் ஊரில் இது ஒரு பிரச்சினையாகவே தெரியாது. 1971 சட்டப்படி அரசு மருத்துவமனையில் கருக்கலைப்பு செய்துகொள்ளலாம், யாரும் வரிப்பணம் என்று கணக்குக் கேட்பதில்லை. அமெரிக்காவில் 1976இல் ஹென்றி ஹைட் என்ற குடியரசுக் கட்சி உறுப்பினர் ஒரு திருத்தம் கொண்டுவந்தார். மெடிக்கெய்டு போன்ற மத்திய அரசுத் திட்டங்களின் பணத்தைக் கருக்கலைப்புக்குச் செலவிடக் கூடாது. தாயின் உயிருக்கு ஆபத்து, வன்புணர்வு, நெருங்கிய உறவினரால் உண்டான கர்ப்பம், இவை மட்டும் இன்று விதிவிலக்கு. அதை வருடாவருடம் பட்ஜெட் மசோதாவில் சேர்த்துக்கொண்டே வருகிறார்கள். 1980இல் உச்ச நீதிமன்றமும் 5க்கு 4 என்று அது செல்லும் எனத் தீர்ப்பளித்தது. கலிஃபோர்னியா, நியூயார்க் போன்ற சில மாநிலங்கள் தங்கள் சொந்தப் பணத்தில் கொடுக்கின்றன, அது வேறு கணக்கு.

ஒபாமாவின் மசோதாவில் தனியாக இன்சூரன்ஸ் வாங்குபவர்களுக்கு மத்திய அரசு மானியம் தருவதாக இருந்தது. அந்த மானியம் வருடாந்தர பட்ஜெட் மசோதா வழியாக வராது, அதனால் ஹைட் திருத்தம் அதைக் கட்டுப்படுத்தாது என்பது எதிர்த்தவர்களின் வாதம். இதில் நியாயம் இருந்தது, நான் மறுக்கவில்லை. அதற்காகவே மிச்சிகனைச் சேர்ந்த பார்ட் ஸ்டூபாக் என்ற ஜனநாயகக் கட்சி உறுப்பினர், குடியரசுக் கட்சியின் ஜோ பிட்ஸோடு சேர்ந்து ஒரு திருத்தம் கொண்டுவந்தார். மானியம் வாங்கும் யாரும் கருக்கலைப்பு அடங்கிய பாலிசியை அந்தப் பணத்தில் வாங்க முடியாது. வேண்டுமென்றால் சொந்தக் காசில் தனியாக வாங்க வேண்டும். அவ்வளவு கடுமையான திருத்தம்.

2009 நவம்பர் 7 அன்று பிரதிநிதிகள் சபையில் அந்தத் திருத்தம் 240க்கு 194 என்று ஜெயித்தது. ஜனநாயகக் கட்சியினர் 64 பேர், குடியரசுக் கட்சியினர் 176 பேர் ஆதரித்தார்கள். அதாவது கேட்டது கிடைத்துவிட்டது, கருக்கலைப்புக்கு ஒரு காசு போகாது. அதே இரவில் முழு மசோதாவும் ஓட்டுக்கு வந்தது. 220க்கு 215. ஆதரித்த குடியரசுக் கட்சி உறுப்பினர் ஒரே ஒருவர், லூசியானாவின் ஜோசப் காவ். மற்ற 176 பேரும் எதிர்த்தார்கள். கருக்கலைப்புதான் தடை என்றால், அந்தத் தடை நீங்கிய பிறகும் ஏன் எதிர்க்க வேண்டும்?

அவர்களுக்கு வேறு காரணங்கள் இருந்தன. வரி, கட்டாய இன்சூரன்ஸ், அரசின் கை நீள்வது, செலவு. அதெல்லாம் பேசக்கூடிய காரணங்கள்தான், அதற்காக எதிர்ப்பது அவர்கள் உரிமை. அப்படியென்றால் அதைச் சொல்லி எதிர்த்திருக்கலாம். கோயில் வாசலில் நிற்கும் வெள்ளந்தியான மனிதர்களிடம் குழந்தையின் பெயரைச் சொல்லி ஆள் சேர்த்திருக்கக் கூடாது.

காவை நான் மதிக்கிறேன். வியட்நாமில் பிறந்தவர், இயேசு சபைக் குருமாணவராக இருந்தவர். நவம்பரில் ஆதரித்தார், மார்ச்சில் செனட் மசோதாவின் கருக்கலைப்புப் பிரிவு போதாது என்று எதிர்த்தார். எனக்கு அது வருத்தம், ஆனால் சொன்ன காரணமும் போட்ட ஓட்டும் இரண்டு தடவையும் பொருந்தியிருந்தன.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2009 செப்டம்பரில் செனட் நிதிக் குழுவில், எல்லா பாலிசியிலும் பேறுகாலச் செலவு இருக்க வேண்டுமா என்று விவாதம் நடந்தது. அரிசோனாவின் ஜான் கைல், கருக்கலைப்பைத் தீவிரமாக எதிர்ப்பவர், தனக்குப் பேறுகால இன்சூரன்ஸ் தேவையில்லை, அதைச் சேர்த்தால் பாலிசி விலை கூடும் என்றார். உங்கள் அம்மாவுக்குத் தேவைப்பட்டிருக்கும் என்று மிச்சிகன் செனட்டர் டெபி ஸ்டாபெனோ பதில் சொன்னார். இன்சூரன்ஸ் கம்பெனிகளின் மறுப்புக் கடிதங்களை மேசையில் வைத்துக்கொண்டு அந்தச் செய்தியைப் பார்த்தவள் நான். கருவிலிருக்கும் குழந்தையைக் காப்பாற்ற வேண்டும் என்றால் அந்தக் குழந்தையைச் சுமப்பவளுக்கு ஸ்கேனும் மருந்தும் பிரசவமும் கிடைக்க வேண்டாமா? இதைக் கேட்டால் "நீ பேச்சை மாற்றுகிறாய்" என்கிறார்கள். இதுதான் பேச்சே.

டிசம்பர் 24 அன்று செனட் தன் மசோதாவை 60க்கு 39 என்று நிறைவேற்றியது. நெப்ராஸ்காவின் பென் நெல்சனுக்காகக் கருக்கலைப்புப் பிரிவில் வேறொரு ஏற்பாடு வந்தது. கருக்கலைப்பு அடங்கிய பாலிசி வாங்குபவர்கள் அதற்கான பிரீமியத்தைத் தனியாகக் கட்ட வேண்டும், கம்பெனி அதைத் தனிக் கணக்கில் வைக்க வேண்டும். குறைந்தது மாதம் ஒரு டாலர். தன் சந்தையில் அப்படிப்பட்ட பாலிசியே கூடாது என்று ஒரு மாநிலம் தடுக்கவும் செய்யலாம், பல மாநிலங்கள் தடுத்திருக்கின்றன. ஆக, மத்திய அரசு மானியத்தை அதற்குப் பயன்படுத்தக் கூடாது என்பதுதான் இன்றைய சட்டம். ஆனால் 2014இல் தணிக்கை அலுவலகம் பார்த்தபோது பல கம்பெனிகள் அந்தத் தொகையைப் பில்லில் தனியாகக் காட்டாதது தெரியவந்தது. எதிர்ப்பவர்கள் இதைச் சுட்டிக்காட்டினால் அவர்கள் சொல்வது சரிதான்.

ஜனவரியில் மாசசூசெட்ஸ் இடைத்தேர்தலில் ஸ்காட் பிரவுன் ஜெயித்ததும் செனட்டில் எதிர்க்கட்சியின் முட்டுக்கட்டையைத் தாண்டத் தேவையான அந்த 60 ஓட்டு போய்விட்டது. செனட் மசோதாவையே பிரதிநிதிகள் சபை அப்படியே ஏற்க வேண்டிய நிலை. ஆயர்கள் எதிர்த்தார்கள். கத்தோலிக்க மருத்துவமனைகளின் சங்கத் தலைவி சிஸ்டர் கேரல் கீஹன் ஆதரித்தார். துறவுச் சபைகளின் சிஸ்டர்கள் பலர் சேர்ந்து கையெழுத்திட்டு ஆதரவுக் கடிதம் அனுப்பினார்கள். நோயாளியின் படுக்கைக்குப் பக்கத்தில் நின்றவர்களுக்கு நிலைமை தெரிந்திருந்தது.

2010 மார்ச் 21, ஞாயிறு. மடியில் என் மகள், பிறந்து கொஞ்ச நாள்தான். டிவியில் சபை நேரலை. மத்திய அரசுப் பணம் கருக்கலைப்புக்குப் போகாது என்று உத்தரவு போடுவதாக ஒபாமா வாக்குக் கொடுத்ததால் ஸ்டூபாக் ஆதரவுக்கு வந்திருந்தார். கடைசி நேரத்தில் குடியரசுக் கட்சியினர் ஸ்டூபாக்கின் பழைய வாசகத்தையே எடுத்து வைத்து, செனட் மசோதாவோடு சேர்ந்து வந்த திருத்த மசோதாவைத் திருப்பி அனுப்பப் பார்த்தார்கள். அது உயிரைக் காக்க வந்ததல்ல, மசோதாவைக் கவிழ்க்க வந்தது என்று ஸ்டூபாக் எழுந்து பேசும்போது யாரோ கத்தினார்கள். "குழந்தைக் கொலையாளி" என்று. டெக்சஸின் ராண்டி நியூகெபாயர்தான் கத்தியவர் என்று மறுநாள் தெரிந்தது. மசோதாவைச் சொன்னேன், ஸ்டூபாக்கைச் சொல்லவில்லை என்றார், மன்னிப்பும் கேட்டார். வாழ்நாள் முழுக்கக் கருக்கலைப்பை எதிர்த்த மனிதர் பேசும்போது அந்த வார்த்தை. என் கணவர் சத்தத்தைக் குறைத்தார், குழந்தை முழித்துவிடும் என்று.

செனட் மசோதா அதற்குச் சற்று முன்பே 219க்கு 212 என்று நிறைவேறியிருந்தது. இந்தத் தடவை குடியரசுக் கட்சியில் ஒருவர்கூட ஆதரிக்கவில்லை. 23ஆம் தேதி ஒபாமா கையெழுத்திட்டார், மறுநாள் சொன்னபடி உத்தரவும் போட்டார். ஸ்டூபாக் ஏப்ரலில், இனி போட்டியிடவில்லை என்று ஒதுங்கிவிட்டார். அவருடைய தொகுதி குடியரசுக் கட்சிக்குப் போனது.

என் பிரசவத்துக்கு அந்தச் சட்டம் உதவவில்லை. மருத்துவமனையில் முன்பணம் கட்டினால் தள்ளுபடி என்று ஒரு பேக்கேஜ் கொடுத்தார்கள். கடைசியில் சிசேரியன் ஆகிவிட்டதால் அது செல்லவில்லை. பில் இருபதாயிரம் டாலரைத் தாண்டியது, மாதத் தவணையில் கட்டினோம், மகள் பள்ளிக்கூடம் போகும்வரை. 2014 முதல், இந்தச் சட்டத்துக்கு உட்பட்ட பாலிசிகளைக் கர்ப்பத்தைக் காரணம் காட்டி யாருக்கும் மறுக்க முடியாது, பேறுகாலச் செலவும் அவற்றில் உண்டு. 2017இல் சட்டத்தையே நீக்கப் பார்த்தார்கள், கடைசியில் அதன் சில பகுதிகளை மட்டும் நீக்கும் மசோதாவும் செனட்டில் 49க்கு 51 என்று தோற்றது. 2025இல் கூடுதல் மானியத்தை நீட்டிக்கும் பேச்சு வந்தபோது மறுபடியும் ஹைட் திருத்தத்தைத்தான் குறுக்கே கொண்டுவந்து வைத்தார்கள். அந்த வருடக் கடைசியில் கூடுதல் மானியம் காலாவதியாகிவிட்டது.

கேள்வி கேட்டவர் இங்கே வேலைக்கு வரப்போகிறவர் போலத் தெரிகிறது. மனைவியோடு வந்தால் பிரசவத்தைப் பற்றிப் பயப்படாதீர்கள், நிலைமை இப்போது வேறு. ஆனால் பெற்றோரை அழைத்து வருவதாக இருந்தால் ஒன்று கேளுங்கள். பேறுகாலத்துக்கு என் அம்மா ஊரிலிருந்து வந்திருந்தார். பார்வையாளர்களுக்கான இன்சூரன்ஸ் வாங்கியிருந்தோம். ஒரு நாள் தலை சுற்றி விழுந்ததும் அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோனோம். அம்மாவுக்கு ரத்த அழுத்தம் உண்டு, அதனால் "முன்பே இருந்த நோய்நிலை" என்று அந்தக் கம்பெனி ஒரு டாலர் தரவில்லை. ஒரே வீட்டில் அம்மாவுக்கும் மகளுக்கும் அதே காரணம். பார்வையாளர் பாலிசிக்கு ஒபாமா கேர் இன்றுவரை பொருந்தாது. ஏஜெண்ட் "எல்லாம் கவர் ஆகும் சார்" என்பார், நம்பாதீர்கள். ஏற்கெனவே இருக்கும் நோய் திடீரென்று தீவிரமானால் எவ்வளவு தொகை வரை கொடுப்பார்கள் என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு அப்புறம் டிக்கெட் போடுங்கள்.