சாஸ்: ஓடிஎஸ் அவுட்புட் சில மாறிகளுக்கு மட்டும் ‘உருவாக்கப்படவில்லை’ என்று வார்னிங் தருவது ஏன்?

சாஸ் (SAS) என்ற புள்ளியியல் மென்பொருளில், மேக்ரோ லூப்பில் ஒவ்வொரு மாறிக்கும் ப்ராக் ஃப்ரீக் (PROC FREQ, அட்டவணை போடும் செயல்முறை) ஓட்டி, கை-ஸ்கொயர் (இரு மாறிகளுக்குத் தொடர்பு உண்டா என்று பார்க்கும் சோதனை) டேபிளை ஓடிஎஸ் அவுட்புட் (ODS OUTPUT, முடிவு டேபிளை டேட்டாசெட்டாக மாற்றும் வரி) வழியாக எடுக்கிறீர்கள். பெரும்பாலும் சரியாக வருகிறது, சில மாறிகளுக்கு மட்டும் வார்னிங். இதுதானே கேள்வி?

‘சில மாறிகளுக்கு மட்டும்’ என்பதில்தான் துப்பு இருக்கிறது. டேபிளின் பெயரைச் சரிபார், நோபிரிண்ட் (வெளியீட்டை நிறுத்தும் ஆப்ஷன்) இருக்கிறதா பார் என்று அந்த வார்னிங்கே அறிவுரை சொல்லும். அதை நம்பிப் பலரும் கோடையே குடைந்துகொண்டிருப்பார்கள். ஆனால் அவை காரணமென்றால் எல்லா மாறிக்கும் வார்னிங் வந்திருக்க வேண்டும். ஆகவே டேட்டாவைப் பாருங்கள். லாகில் (சாஸ் எழுதும் ஓட்டப் பதிவில்) சற்று மேலே போனால், மிஸ்ஸிங் அல்லாத, அதாவது மதிப்பு விடுபடாத, நிலைகள் இரண்டுகூட இல்லாததால் எதுவும் கணக்கிடப்படவில்லை என்று ஒரு வரி இருக்கும். எல்லோரும் ‘ஆம்’ என்றே சொன்ன கேள்விக்கு கை-ஸ்கொயர் எங்கிருந்து வரும்? மாறியைத் தனியாக ஓட்டினால் இரண்டு நிலைகள் தெரியலாம். ஆனால் குறுக்கு அட்டவணையில், மற்ற மாறி மிஸ்ஸிங்காக உள்ள வரிசைகள் கழிந்த பிறகு ஒன்றுதான் மிஞ்சியிருக்கும்.

சரி, இந்த வார்னிங்கால் பெரிய கேடில்லை. அதன் பின்விளைவுதான் மோசம். லூப்பின் எல்லாச் சுற்றிலும் ஒரே டேட்டாசெட் பெயர் என்றால், டேபிள் உருவாகாத சுற்றில் முந்தைய சுற்றின் டேட்டாசெட் வொர்க் லைப்ரரியில் (சாஸின் தற்காலிக சேமிப்பிடம்) அப்படியே கிடக்கும். அடுத்து வரும் ப்ராக் அப்பெண்ட் அதை எடுத்து மொத்த முடிவுகளோடு சேர்த்துவிடும். ஒரு மாறியின் பி-மதிப்பு (சோதனையின் முடிவைச் சொல்லும் எண்) இன்னொரு மாறியின் பெயரில் அறிக்கைக்குப் போகும், எர்ரர் எதுவும் வராது. அதனால் ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் ப்ராக் டேட்டாசெட்ஸ் போட்டுப் பழையதை நீக்குங்கள். ஃப்ரீக் முடிந்ததும் எக்ஸிஸ்ட் ஃபங்ஷனால் டேட்டாசெட் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பி-மதிப்பை மிஸ்ஸிங்காக வைத்து ஒரு வரிசை சேருங்கள். இப்போது ஓட்டி வைத்திருக்கும் முடிவுகளையும் ஒருமுறை சரிபார்ப்பது நல்லது.

எப்போது ஓட்டினாலும் வார்னிங் வருகிறது என்றால் அது வேறு கதை. ஓடிஎஸ் ட்ரேஸ் ஆன் போட்டு ஓட்டினால், அந்த ப்ராக் உண்மையில் உருவாக்கும் டேபிள்களின் பெயர்கள் லாகில் வரும். நீங்கள் கேட்டது அதில் இல்லையென்றால் பெரும்பாலும் ஏதோ ஆப்ஷன் விடுபட்டிருக்கும். உதாரணமாக, லீனியர் மாடல் பொருத்தும் ப்ராக் ஜிஎல்எம்மில் கிளாஸ் ஸ்டேட்மெண்ட் இருந்தால், மாடல் வரியில் சொல்யூஷன் கேட்காமல் பாராமீட்டர் எஸ்டிமேட்ஸ் டேபிள் வராது. திரையில் எதுவும் வரக்கூடாது என்று நோபிரிண்ட் போட்டிருந்தால் அதை எடுத்துவிட்டு, முன்னால் ஓடிஎஸ் எக்ஸ்க்ளூட் ஆல், பின்னால் ஓடிஎஸ் எக்ஸ்க்ளூட் நன் என்று போடுங்கள். டேட்டாசெட் எப்போதும்போல் உருவாகும்.

அப்புறம், ஓடிஎஸ் அவுட்புட் வரியை ப்ராக்குக்கு மேலே எழுதும் பழக்கம் இருந்தால், அதற்கு முந்தைய ப்ராக்கை ரன் போட்டு முடித்திருக்கிறீர்களா என்று பாருங்கள். முடிக்காவிட்டால் அந்த வரி முந்தைய ப்ராக்குடன் ஒட்டிக்கொள்ளும், இல்லாத டேபிளை அங்கே தேடும்.